எங்கட புள்ளி யாருடையது?

படம் பார்க்க முதல் அதுக்கு எத்தனை நட்சத்திரம் எண்டு பார்க்கிறது எங்களுக்குப் பழகிப்போச்சு. அப்ப, படம் முடிய நாங்கள் சொல்லுற கருத்து எங்கட கருத்துத்தானா?

அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அப்போது கணினி விஞ்ஞானப் பேராசிரியர்களாக இருந்த ஜோசப் கொன்ஸ்டன், ஜோன் ரீட்ல் ஆகியோரின் குழு இதை ஆராய்ந்தது. 1997இல் அவர்கள் தொடங்கிய மூவிலென்ஸ் தளம், எங்களைப் போன்ற ரசனையுள்ளவர்கள் கொடுத்த புள்ளிகளை வைத்து, ஒரு படத்துக்கு நாங்கள் எவ்வளவு கொடுப்போம் என்று முன்கூட்டியே கணிக்கும்.

2003இல் வெளியான ஆய்வொன்றில், பயனர்கள் ஏற்கெனவே புள்ளியிட்ட படங்களைத் திரும்பக் காட்டினார்கள். சிலவற்றின் கணிப்பை வேணுமெண்டே கூட்டியும் குறைத்தும் வைத்தார்கள். பயனர்களின் புதிய புள்ளிகள் காட்டிய பக்கமே சாய்ந்தன. ஆனால், கணிப்பு சரியில்லை என்பதை உணரவும் அவர்களால் முடிந்தது.

எங்களுக்குப் பயமாக இருப்பது அடுத்த கட்டம். சாய்ந்த புள்ளிகளும் தரவுதான். அவற்றை வைத்துத்தான் இன்னொருவருக்கான கணிப்பு நடக்கும். நாங்கள் யோசிக்காமல் போடுற ஒரு நட்சத்திரம், முகம் தெரியாத ஒருவரின் பட்டியலில் ஒரு நல்ல படத்தைக் கீழே தள்ளலாம். அதனால, புள்ளி போட முதல் நாலுபேர் இருந்து கதைப்பம். 'ஏதோ சரியில்லை' எண்டு மனசு சொன்னால், அதையும் நம்புவம்.