தரக்குறைவு

கொடைக்கானல் மூடுபனியைப் பற்றி ஒரு வரியாவது எழுதாத கவிஞர் நம்மில் குறைவு. பனியும் பைன் மரமும் தனிமையும் அலுக்காமல் வந்துகொண்டேயிருக்கின்றன. (பைன் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்ட மரம் என்பது கவிதைக்கு அவசியமில்லைதான்.) அம்மலையில் வள்ளிக்கிழங்கு தோண்டியும் பாறைத்தேன் எடுத்தும் வாழ்ந்த பளியர்களை, நான் படித்தவரை, அவ்வரிகளில் காணவில்லை.

இது உறைத்தது வேறொரு மலைநூலால் அல்ல. ஆண்ட்ரூ பிளாக்பேர்ட் 1887இல் வெளியிட்ட சரித்திரத்தால். அவர் ஒடாவா, வட அமெரிக்கப் பேரேரிகளின் கரையில் மீன் பிடித்து, மேப்பிள் மரத்து நீரைக் காய்ச்சிச் சர்க்கரை எடுத்த இனம். தகரப் பெட்டிக்குள் வைத்துக் கொடுக்கப்பட்ட பெரியம்மை ஊர் ஊராகத் தம்மவரை அழித்த கதையை அவர் சொல்கிறார். தம் குலப் பெருமையைக் கூச்சமின்றிப் பேசுகிறார். கடைசியில் தம் மொழிக்கு ஓர் இலக்கணமும் சேர்க்கிறார். 1836 உடன்படிக்கையில் நிலத்தின் பெரும்பகுதியை இழந்த ஜனங்களில் ஒருவர், அதைப் பறித்தவர்களின் பாஷையிலேயே எழுதிய புத்தகம்.

ஒடாவாக்களிடையே மெக்கினா தீவில் 1826 முதல் 1837 வரை பள்ளி நடத்திய அதே பாஸ்டன் மிஷன்தான் 1834இல் மதுரைக்கு வந்தது. 1845இல் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டியது. அங்கே போனது ஒடாவாக்களைத் தேடி. இங்கே மலையேறியது வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி, பளியரைத் தேடியல்ல.

பளியரைத் தேடி வந்தவர்களில் முக்கியமானவர் பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1962 முதல் 1964 வரை அவர்களிடையே ஆய்வு செய்தார். பளியர் மிகக் குறைவாகப் பேசுவர், நாற்பது வயதுக்குள் ஏறக்குறைய மௌனமாகிவிடுவர் என்று 1966இல் எழுதினார். மேலை மொழியியலாளர்களுக்கு இது நல்ல மேற்கோளாகப் போயிற்று. ஆனால் அவரே பதிந்துள்ள இன்னொரு சொல்தான் எனக்கு முக்கியம்: தரக்குறைவு. நம் தமிழ்தான். ஒருவர் தரத்தை மற்றவர் தாழ்த்தக்கூடாது. கணவன் மனைவியிடத்தும் இது செல்லும், பெற்றோர் பிள்ளையிடத்தும் செல்லும். சண்டை மூண்டால் ஒருவர் விலகிப் போய்விடுவார். போட்டி கிடையாது. அப்படியானால் அதிகம் பேசுகிறவன் அங்கே தன்னை உயர்த்திக்கொள்கிறவன் என்று ஆகிறது. அந்த மௌனத்தை நான் இல்லாமை என்று படிக்கவில்லை, மரியாதை என்றே படிக்கிறேன். மௌனத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். அதைப் புனைபெயராகவே வைத்துக்கொண்டவரும் நமக்கு உண்டு. அது வேறு மௌனம். கையெழுத்துப் போட்ட மௌனம்.

பளியரிடமிருந்து ஒரு பிளாக்பேர்ட் வரவேண்டும் என்று நாம் ஆசைப்படுவது சுலபம். அந்த ஆசைக்குள், அவர்களில் ஒருவர் 'நான்' என்று எழுந்து நிற்கவேண்டும் என்ற நம்முடைய நிபந்தனை இருக்கிறது.

நிபந்தனை இலக்கியத்துடையது மட்டுமல்ல. 2006 வன உரிமைச் சட்டத்தின்படி காட்டில் உரிமை கோருகிறவர் கிராம சபை முன் சான்று வைக்கவேண்டும். 2013இல் கொடைக்கானல் காடுகள் சரணாலயமாகவும் ஆகிவிட்டன. பட்டா, பத்திரம் இல்லாதவருக்கு ஒரு வழி உண்டு: மூத்தோர் வாய்மொழியை எழுதி வைத்தால் அதுவும் சான்றாகும் என்கின்றன 2007 விதிகள். எந்தப் பாறையில் தேன், எந்தச் சரிவில் கிழங்கு, யார் எந்தத் தலைமுறையில் எங்கே குடியிருந்தார் என்று ஒரு கிழவர் சொல்ல வேண்டும், வேறொருவர் எழுதிக்கொள்வார். கார்ட்னர் கணக்குப்படி அவர் பேச்சை விட்டு முப்பது வருஷம் ஆகியிருக்கும்.