கப்பியைச் சிறிதாக்கினால் கார் பறக்குமா?

சென்ற ஆண்டு மழைக்காலத்துக்குச் சற்று முன்னர், மாத்தளையில் இருக்கும் என் அண்ணன் மகன் ஓர் அட்டைப்பெட்டியுடன் வந்து நின்றான். உள்ளே நீல நிறத்தில் பளபளக்கும் அலுமினிய வளையம். கையில் எடுத்தால் பாரமே தெரியவில்லை. "சித்தப்பா, இது அண்டர்டிரைவ் புல்லி. மாட்டினால் பதினைந்து குதிரைத்திறன் கூடுமாம்" என்றான். பத்திரிகைத் தொழிலில் தலை நரைத்தவன் நான். வந்தாராம், சொன்னாராம், கூடுமாம் என்று முடியும் வாக்கியங்களைக் கண்டால் கை தானாகவே சிவப்புப் பேனாவைத் தேடும்.

விஷயம் மிகவும் எளியது. தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளின் பழைய அமைப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். ஒரே ஓர் எஞ்சின். கூரையோரமாக நீண்டு செல்லும் ஒரு தண்டு. அதிலிருந்து தொங்கும் தோல்பட்டிகள் ஒவ்வோர் இயந்திரத்தையும் சுழற்றும். எந்தக் கப்பி பெரிது, எது சிறிது என்பதைப் பொறுத்தே உருளைகளின் வேகம். கார் எஞ்சினின் முன்பக்கத்திலும் இதே கதைதான். கிராங்க் தண்டின் நுனியிலுள்ள கப்பி ஒரு பெல்ட்டின் மூலம் தண்ணீர்ப் பம்பையும், மின்சாரம் தரும் ஆல்டர்னேற்றரையும், பவர் ஸ்டியரிங் பம்பையும், ஏ.சி. கம்பிரசரையும் சுழற்றுகிறது. அந்தக் கப்பியைச் சிறிதாக்கினால் இவை எல்லாம் மெதுவாகச் சுழலும். இவற்றுக்குச் செலவாகும் சக்தியில் ஒரு பகுதி சக்கரங்களுக்கு மிஞ்சும் என்பது வாதம்.

வாதம் பொய்யன்று. தண்ணீர்ப் பம்பு விழுங்கும் சக்தி, வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. வேகத்தை 20 சதவீதம் குறைத்தால் அது ஏறக்குறைய பாதியாகிவிடும். 7,000 சுற்றுக்கு மேல் எஞ்சினை முறுக்கும் பந்தயக்காரருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அந்த வேகத்தில் பம்பு தண்ணீரைத் தள்ளுவதை விட்டுவிட்டு நீராவிக் குமிழிகளைக் கடைந்துகொண்டிருக்கும். மெதுவாக்கினால் ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் பாதியாவது எதன் பாதி என்று கேட்கவேண்டும் அல்லவா? சிறிய எஞ்சினின் பம்பு விழுங்குவதே சொற்பம். ஆல்டர்னேற்றரில் கிடைக்கும் லாபமோ பெரும்பாலும் கணக்குப் பிழை. விளக்குக்கும் துடைப்பானுக்கும் வேண்டிய மின்சாரத்தை அது எப்படியும் தந்தாகவேண்டும். மெதுவாகச் சுழன்றாலும் அதற்கான சக்தியை எஞ்சினிடமிருந்தே வாங்கும். எல்லாம் கூட்டினால், பையனின் 1.6 லீற்றர் எஞ்சினில் இரண்டு மூன்று குதிரைத்திறன் கிடைத்தாலே பெரிது என்பது என் கணிப்பு.

(ஒரு வேடிக்கை: மாத்தளைத் தெருக்களில் நிறைய ஓடும் ஹைபிரிட் கார்களான மூன்றாம் தலைமுறை பிரியஸிலும் அக்குவாவிலும் இந்தப் பெல்ட்டே கிடையாது. பம்பும் கம்பிரசரும் மின்சாரத்தில் ஓடுகின்றன. பந்தயக்காரர் கப்பியைச் சிறிதாக்கித் தேடிய சிக்கனத்தை, மெதுவாகப் போவதற்கென்றே வாங்கப்படும் கார் முழுமையாக அடைந்துவிட்டது.)

என் சொல்லைக் கேட்பானா? மாட்டிவிட்டான். முதல் வாரம் தொலைபேசியில் ஒரே புகழாரம். முதல் கியரில் எஞ்சின் துள்ளுகிறதாம். பாரம் குறைந்ததால் அப்படித் தோன்றக்கூடும், மறுப்பதற்கில்லை. அடுத்த வாரம் அண்ணி உட்பட ஐந்து பேராக ரிவர்ஸ்டனுக்குப் புறப்பட்டோம்.

அந்தப் பாதையை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தம்புள்ளைப் பக்கம் வறண்ட வெப்பம். மாத்தளை நகரம் இதமானது. அங்கிருந்து ரத்தோட்டையைக் கடந்ததும் வளைவுக்கு மேல் வளைவாக ஏறி, நக்கிள்ஸ் மலைத்தொடரின் காற்றுக்கும் மூடுபனிக்கும் நடுவே கொண்டுபோய் விடும் சாலை அது. எங்களுக்கு முன்னே ஒரு லொறி. அதை முந்த வழியில்லை. குறைந்த சுற்றில், முழுப் பாரத்துடன், ஏ.சி. ஓட, ஊர்ந்து ஏறினோம். பந்தயத்துக்கு நேர் எதிரான நிலைமை இது: வெப்பம் மிகுதி, எதிர்க்காற்று இல்லை, பம்போ முன்னிலும் மெதுவாகச் சுழல்கிறது. வெப்பமானியின் முள் நடுக்கோட்டைத் தாண்டி மெல்ல எழுந்தது. ஏ.சி.யை நிறுத்தி, ஹீற்றரைத் திறக்கச் சொன்னேன். அண்ணி புடவைத் தலைப்பால் விசிறிக்கொண்டே, "நல்ல கார்தான் செய்து வைத்திருக்கிறாய்" என்றார். முள் இறங்கியது.

மேலே பனிமூட்டம். விளக்குகள், துடைப்பான், கண்ணாடிக்குக் காற்று ஊதும் விசிறி அனைத்தும் வேலையில். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட ஓரமாக நின்றபோது, எஞ்சின் சுற்றுக் குறைந்தவுடன் முகப்பு விளக்குகள் கண்முன்னே மங்கின. அவன் கணக்குப் போடட்டும் என்று காத்திருந்தேன். எஞ்சின் 750 சுற்றில் நிற்கும்போது ஆல்டர்னேற்றர் முன்பு ஏறத்தாழ 1,875 சுற்றுச் சுழன்றது என்று வைத்துக்கொண்டால், இப்போது 1,500. அந்த அடிமட்டத்தில் இந்தச் சிறு வித்தியாசமே பற்றரியை நிரப்புவதா, பற்றரியிலிருந்து எடுப்பதா என்பதைத் தீர்மானித்துவிடும்.

இவை எல்லாம் கண்ணுக்குத் தெரியும் தொல்லைகள். எனக்கு அச்சம் தந்தது தெரியாத ஒன்று. வீடு திரும்பியதும் கழற்றிப் போட்ட பழைய கப்பியைக் கேட்டேன். கராஜ் மூலையிலிருந்து கிறீஸ் படிந்த நிலையில் எடுத்து வந்தான். துடைத்துக் காட்டினேன்: அது ஒரே இரும்பன்று. உள்வட்டம் ஒன்று, வெளிவட்டம் ஒன்று, இரண்டுக்கும் நடுவே ரப்பர். "இது எதற்குச் சித்தப்பா?" என்றான். அந்த ஒரு கேள்வியை வாங்குவதற்கு முன்பு கேட்டிருக்கலாம்.

ஒவ்வொரு சிலிண்டரும் வெடிக்கும்போது கிராங்க் தண்டு மயிரிழையளவு முறுக்கிக்கொண்டு மீள்கிறது. குறிப்பிட்ட சில வேகங்களில் இந்த முறுக்கலும் தண்டின் இயல்பான அதிர்வும் ஒத்துப்போனால், ஊஞ்சலைச் சரியான தருணத்தில் தள்ளுவதுபோல் அதிர்வு வளர்ந்துகொண்டே போகும். மோட்டார்த் தொழிலின் தொடக்க நாட்களில் நீண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின்களின் தண்டுகள் இவ்வாறுதான் முறிந்தன. 1910 வாக்கில் ஆங்கிலேயப் பொறியியலாளர் பிரெடரிக் லான்செஸ்டர் இதற்கென ஓர் அதிர்வடக்கியை உருவாக்கினார். அந்தப் பரம்பரையின் எளிய வாரிசுதான் அந்த ரப்பர் வளையம். நீல அலுமினியத்தில் அது இல்லை. எல்லா எஞ்சினும் இதனால் உடைந்துவிடாது. கட்டையான தண்டுடைய சில நான்கு சிலிண்டர் எஞ்சின்கள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் பல ஜப்பானிய எஞ்சின்களில் ஒயில் பம்பின் சக்கரம் கிராங்க் தண்டின் முனையிலேயே அமர்ந்திருக்கிறது. அதிர்வில் அது வெடித்தால் ஒயில் அழுத்தம் போய்விடும். பிறகு எஞ்சின் முழுவதும் போய்விடும். இத்தனைக்கும் அதிர்வடக்கியோடு கூடிய அண்டர்டிரைவ் கப்பிகளும் செய்கிறார்கள். விலை கூட, பாரமும் கூட. அதனாலோ என்னவோ பையன்களின் கண்ணில் அவை படுவதில்லை.

இது வெறும் பொழுதுபோக்கின் நட்டமாக இருந்தால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய கார்களின் விலை எங்கோ போய்விட்டது. தொண்ணூறுகளில் செய்த அவனுடைய காரும் அப்படித்தான், அண்ணனின் ஓய்வூதியப் பணத்தில் ஒரு பெரும் பங்கை விழுங்கி வீட்டுக்கு வந்தது. அதே காரில்தான் அண்ணி மாதந்தோறும் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறார். பலக்கடுவை ஏற்றத்தில் அது நின்றுபோனால் இரண்டு மூன்று குதிரைத்திறன் யாருக்கு உதவும்?

பழைய கப்பி மறுபடியும் இடத்துக்கு வந்துவிட்டது. ரப்பரில் வெடிப்பு இல்லை என்பதை மெக்கானிக் இரண்டு முறை பார்த்துக்கொண்டார். நீலக் கப்பியை என்னிடமே விட்டுப்போனான். மேசையில் காகிதங்களுக்கு மேல் இருக்கிறது. சென்ற வாரம் வந்தவன் அதை எடுத்து உருட்டிப் பார்த்தான். சிகிரியாவில் விமானப்படைத் தளத்தில் நடத்தப்பட்ட ரலி குரொஸ் பந்தயங்களைப் பற்றிப் பேச்சு திரும்பியது. புழுதித் தடத்தில் சில சுற்றுகள், ஏ.சி. இல்லை, பின்னால் அண்ணி இல்லை; அங்கே இதற்கு நியாயம் இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டேன். "அப்படியானால் அதற்கென்று ஒரு பழைய கார் பார்க்கலாமா, சித்தப்பா?" என்றான். அண்ணியிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.