தாத்தாவோட ஒரிஜினல் டிராக் எங்கப்பா?

ஒரு சின்ன கேள்வி. பதில் சொல்லிட்டு அப்புறம் படிங்க. உங்க மொபைல்ல எத்தனை பாட்டு இருக்கு? ஐந்நூறு? ஆயிரம்? சரி... அதுல உங்க வீட்டு ஆளுங்க பாடினது எத்தனை?

'எங்க வீட்ல யாரு பாஸ் பாடுறா? எங்கப்பா பாத்ரூம்லகூட பாட மாட்டாரு'னு நீங்க முணுமுணுக்குறது இங்க வரைக்கும் கேக்குது. நானும் அப்படிச் சொல்லிட்டுத் திரிஞ்ச ஆள்தான். இருங்க, கதைக்கு வர்றேன்.

எனக்குக் கடலூர், தேவனாம்பட்டினம். சில்வர் பீச்னு சொன்னா உங்களுக்குச் சட்டுனு புரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நீங்க சுண்டல் சாப்பிட வர்ற அதே பீச்தான். எங்களுக்கு அது தெருக்கோடி! படிக்கிறது சிதம்பரத்துல, எலெக்ட்ரானிக்ஸ் மூணாவது வருஷம். பேக்ல லேப்டாப், தோள்ல கிட்டார், பஸ்ல கம்பி. இதான் என் வாரக் கடைசி.

எங்க தாத்தா கட்டுமரத்துல கடலுக்குப் போனவர். கரைவலை இழுக்கறப்ப அம்பா பாடுறதுல பெரிய கை. அம்பான்னா? வலை இழுக்கும்போதும் துடுப்பு போடும்போதும் பாடுற பாட்டு. ஒருத்தர் அடியெடுத்துக் கொடுப்பார். மத்தவங்க 'ஏலேலோ'னு வாங்கிப் பாடுவாங்க. அந்த வாங்குற நொடியிலதான் அத்தனை பேர் கையும் ஒண்ணா கயித்தை இழுக்கும். அதாவது, அது பொழுதுபோக்குப் பாட்டு இல்ல... ஒரு வேலைக் கருவி. அப்புறம் ஃபைபர் போட்டும் என்ஜினும் வந்துச்சு. என்ஜின் சத்தத்துல எவன் பாடுறது எவனுக்குக் கேக்கும்? கட்டுமரத்தோட சேர்ந்து பாட்டும் கரையேறிடுச்சு.

ஃபர்ஸ்ட் இயர் படிக்கும்போது, சும்மா இல்லாம தாத்தாவைத் திண்ணையில உட்கார வெச்சு மொபைல்ல ரெக்கார்ட் பண்ணேன். பதினோரு நிமிஷம். நடுவுல இருமல், எதிர்வீட்டு நாய், ஆயா 'கஞ்சி ஆறுது'னு கூப்பிடுறது, பின்னாடி கடல்... எல்லாமே அதுல இருந்துச்சு.

ரெக்கார்ட் பண்ண ஆசை எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமா? அந்தோணிதாசன்! 'சொடக்கு மேல சொடக்கு'னு 2018-ல நம்மள எல்லாம் ஆட வெச்சாரே, அவரேதான். தஞ்சாவூர் பக்கத்து ரெட்டிபாளையத்துக்காரர். கரகாட்ட மேடைகள்ல பாடி, ஆடி வளர்ந்தவர். சினிமா நமக்கு அவரைக் காட்டுறதுக்கு முன்னாடியே 'லா பொங்கல்'னு ஒரு பேண்டுல கிட்டார், டிரம்ஸுக்கு நடுவுல நின்னு நாட்டுப்புறப் பாட்டு பாடிட்டிருந்தார். அந்த பேண்டை ஆரம்பிச்சவர் தர்புகா சிவா. 'மறு வார்த்தை பேசாதே' மியூசிக் போட்டவர்னா உங்க ஹாஸ்டலே எழுந்து நிக்கும். அப்புறம் 2021-ல 'எம்.ஜி.ஆர் மகன்' படத்துக்கு அந்தோணிதாசனே இசையமைப்பாளர் ஆயிட்டார்.

அதே மாதிரி நம்ம சின்னப்பொண்ணு அக்கா. 'நாக்க முக்க'வை 2008-ல கேட்டு ஆடின அண்ணன்களைக் கேளுங்க, சொல்வாங்க. 2011-ல எம்.டி.வி-யோட கோக் ஸ்டுடியோ மேடையில கைலாஷ் கெர்கூட நின்னு 'வெத்தல' பாடினாங்க. கிட்டார் இருக்கு, டிரம்ஸ் இருக்கு, சுத்தி பெரிய பெரிய ஆளுங்க. ஆனா அந்தக் குரல் ஒரு இன்ச்கூட இறங்கி வரல. சிவகங்கைச் சீமை அப்படியே அங்க நின்னுச்சு.

இதையெல்லாம் பார்த்துட்டு, 'நம்ம தாத்தாவையும் ராக் ஸ்டார் ஆக்கிடுவோம்'னு கிளம்பினேன். எங்க காலேஜ் பேண்டுல ரெண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ். கல்சுரல்ஸுக்கு இன்னும் பத்து நாள்தான். தாத்தா குரலை லேப்டாப்ல ஏத்தினேன். முதல் வேலையா இரைச்சல் நீக்கம். கடல் போச்சு, நாய் போச்சு, ஆயா போச்சு, தாத்தா மூச்சு வாங்குற சத்தமும் போச்சு. ரெண்டாவது, தாளம். தாத்தா ஒரே வேகத்துல பாட மாட்டார். ஒரு இடத்துல இழுப்பார், ஒரு இடத்துல முந்துவார். டிரம்ஸ்காரன் 'மச்சி, நிக்கவே மாட்டேங்குது'னு கத்தினான். வெட்டி வெட்டி க்ளிக் டிராக்ல ஒட்ட வெச்சேன். மூணாவதா, சுருதி திருத்துற சாஃப்ட்வேர். பதினோரு நிமிஷம், மூணே கால் நிமிஷம் ஆச்சு.

ஆடிட்டோரியம் அதிர்ந்துச்சு. விசில், ஒன்ஸ்மோர், எல்லாம்! காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு ஊருக்கு வந்து தாத்தா காதுல ஹெட்போனை மாட்டினேன். முழுசா கேட்டார். கழட்டிக் கையில கொடுத்துட்டு, "நல்லாத்தான்டா இருக்கு... பாடுறது யாரு?"ன்னார்.

நான் சிரிச்சேன். அவர் ஜோக் அடிக்கிறார்னு நினைச்சேன்.

போன ஐப்பசி மழையில தாத்தா போயிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிஞ்ச ராத்திரி அப்பா கேட்டார், "தம்பி, தாத்தா பாடினதை நீ பிடிச்சு வெச்சியே, அதைப் போடு." போட்டேன். டிரம்ஸ் 'டம்'முனு ஆரம்பிச்சதும் ஆயா திடுக்கிட்டுப் போச்சு. கொஞ்ச நேரம் கேட்டுட்டு, "அவரு குரலு கரகரன்னு இருக்குமேடா... அது எங்க?"ன்னு கேட்டுச்சு.

அது எங்கேன்னு எனக்குத் தெரியும். செமஸ்டர் நோட்ஸ் டவுன்லோடு பண்ண இடம் இல்லேன்னு, 'ஃபைனல் மிக்ஸ்தான் இருக்கே'ன்னு, அந்தப் பதினோரு நிமிஷத்தை நானே என் கட்டை விரலால டெலிட் பண்ணியிருந்தேன். பேண்டு பசங்க மொபைல், பழைய பென் டிரைவ், மெயில்... எல்லாம் தேடியாச்சு. எல்லார்கிட்டயும் இருந்தது அந்த மூணே கால் நிமிஷம்தான்.

அந்தச் சமயத்துலதான் ஹாஸ்டல் சீனியர் ஒருத்தர், "இந்தம்மாவைக் கேளு"ன்னு ஒரு ஆல்பம் கொடுத்தார். பேரு எமிலூ ஹாரிஸ். அமெரிக்காவுல கன்ட்ரி மியூசிக்னு ஒண்ணு இருக்கே, அந்த ஊர் கிராமத்து ராகம்னு வெச்சுக்குங்க, அதுல பெரிய பேரு எடுத்த பாடகி. 1995-ல, 48 வயசுல, 'ரெக்கிங் பால்'னு ஒரு ஆல்பம் போட்டாங்க. தயாரிச்சவர் டேனியல் லானுவா. யு2 ராக் பேண்டோட ஆல்பங்கள்ல வேலை பார்த்தவர். அந்த பேண்டோட டிரம்மர் லாரி மல்லனே இதுலயும் வாசிச்சார். ஜிமி ஹென்ட்ரிக்ஸ் பாட்டைக்கூட அந்தம்மா பாடியிருக்காங்க. மூடுபனிக்குள்ள நடக்குற மாதிரி ஒரு சத்தம். ஆனா குரல் மட்டும் அவங்களோடது. உடையற இடத்துல உடையுது, யாரும் ஒட்ட வைக்கல. கிராமி விருதும் கிடைச்சுது.

என்னைப் புரட்டிப் போட்டது அது இல்ல. 2014-ல அந்த ஆல்பத்தை மறுபடியும் வெளியிட்டாங்க. கூடவே ரெண்டாவதா ஒரு டிஸ்க். அதுல அந்த ரெக்கார்டிங் சமயத்துல பாடி, ஆல்பத்துல சேராம விட்டுப்போன பாட்டுங்க, வேற மாதிரி பாடிப் பார்த்தது எல்லாம் இருக்கு. 19 வருஷம் கழிச்சு! யாரோ ஒருத்தர் அந்த டேப்பையெல்லாம் தூக்கிப் போடாம வெச்சிருந்ததாலதானே அது நடந்துச்சு? மறுவெளியீடுன்னா புது அட்டை, புது விலைன்னு நினைச்சிட்டிருந்தேன் பாஸ். இல்ல. யாரோ பத்திரமா வெச்சிருந்தாங்கங்கிறதுக்கு அது சாட்சி. எங்க தாத்தாவுக்கு அந்த ரெண்டாவது டிஸ்க் வரவே வராது.

'அதான்பா, நம்ம பாட்டுல எல்லாம் கிட்டார் சேர்க்கக்கூடாது'னு சில பெரியவங்க இந்த இடத்துல குதிப்பாங்க. ஸாரி, நான் அந்தக் கட்சி இல்ல. கிட்டார் தப்பு பண்ணல. அந்தோணிதாசன் பாடும்போது கிட்டார் அவர் பின்னாடி ஓடுது. நான் தாத்தாவை டிரம்ஸ் பின்னாடி ஓட விட்டேன். அம்பாவோட தாளம் மீட்டர்ல இல்ல... அலையிலயும் கயித்தோட கனத்துலயும் இருக்கு. கனம் கூடினா பாட்டு இழுக்கும், குறைஞ்சா முந்தும். சிக்னல் எது, நாய்ஸ் எதுன்னு ஒரு செமஸ்டர் முழுக்கப் படிச்சு பாஸும் பண்ணவன் நான். ஆனா ஆயா குரலை நாய்ஸ்னு கழிச்சவனும் நான்தான்!

இப்ப ஞாயித்துக்கிழமைல கரையில வலை பின்னிட்டு இருக்குற தாத்தாங்ககிட்ட போய் உட்கார்றேன். மொதல்ல, "போடா, வேலையப் பாரு"ன்னு விரட்டினாங்க. ரெண்டு வாரம் டீ வாங்கிக் கொடுத்தேன். மூணாவது வாரம் ஒருத்தர் அடியெடுத்தார். பக்கத்துல இருந்தவர், "அது இல்லடா, உங்க மச்சான் இப்படி இழுப்பான்"னு திருத்தினார். அவர் 'மச்சான்'னு சொன்னது எங்க தாத்தாவை! அந்தச் சண்டை, சிரிப்பு, கடல், காக்கா எல்லாத்தையும் சேர்த்து அப்படியே பிடிச்சிருக்கேன். ஒரு காப்பி லேப்டாப்ல, ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்ல. கை வைக்க மாட்டேன்.

எங்க பேண்டு இதை மறுபடி வாசிக்கப் போகுது. இந்தத் தடவை க்ளிக் டிராக் கிடையாது. டிரம்ஸ்காரன் இப்பவே அலுத்துக்குறான். "கரைக்கு வாடா, ஒரு நாள் கயிறு இழு, தாளம் தானா வரும்"னு சொல்லியிருக்கேன்.

சரி, மொத கேள்விக்கே வருவோம். இந்த வாரம் ஊருக்குப் போறீங்கதானே? ஆயாவோ, அப்பத்தாவோ, அம்மாச்சியோ... நாத்து நட்டப்பவோ, புள்ளையைத் தூங்க வெச்சப்பவோ பாடினதைப் பாடச் சொல்லுங்க. வெக்கப்படுவாங்க. விடாதீங்க. ராக்கோ, ராப்போ, அதை வெச்சு என்ன வேணா பண்ணுங்க. ஆனா ஒரிஜினலை மட்டும் பத்திரமா வெச்சிருங்க. மொபைல்ல இடம் இல்லையா? செல்ஃபியை டெலிட் பண்ணுங்க பாஸ்... அது நாளைக்கே இன்னொண்ணு எடுத்துக்கலாம்!