டீப் ப்ளூவின் கையடக்கப் புக்

1997 மே 11, நியூயார்க். சதுரங்கக் கணினி டீப் ப்ளூவுக்கு எதிரான போட்டியின் கடைசி ஆட்டத்தில் உலகச் சாம்பியன் காஸ்பரோவ் காரோ-கான் தொடக்கத்தை ஆடினார். ஏழாவது நகர்த்தலில் ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் தள்ளியதும், டீப் ப்ளூ சட்டென்று குதிரையைப் பலி கொடுத்தது. 19 நகர்த்தலில் கதை முடிந்தது.

அந்தப் பலி உட்கார்ந்த இடத்தில் கணக்குப் போட்டு வந்ததல்ல. தொடக்க நகர்த்தல்களை முன்கூட்டியே சேர்த்து வைத்திருந்த ஓப்பனிங் புக்கிலேயே இருந்தது!

கிராண்ட்மாஸ்டர் ஜோயல் பெஞ்சமினும் சகாக்களும் கையாலேயே கோத்த புக் அது. மொத்தமே சுமார் 4000 நிலைகள்தான். இரவிரவாக மெஷினை ஓடவிட்டுச் சரிபார்த்தவை. 7 லட்சம் ஆட்டங்களிலிருந்து திரட்டிய தரவும் கூடவே இருந்தது. ஆனால், எந்த நிலை இந்த மெஷினுக்குத் தோதுப்படும் என்பதை ஆள் பார்த்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

ஆகவே, காஸ்பரோவை மெஷின் மட்டும் தனியாக ஜெயித்தது என்று இனி யாரும் சொல்லாதீர்கள்.