பினாங்கில் ஒரு பழைய படகின் விலை

திங்கள்

பழைய படகின் விலையில் உடல், என்ஜின், காகிதம் என்று மூன்று கணக்குகள் அடங்கியிருக்கின்றன. விற்பவர் எப்போதும் ஒரே தொகையாகத்தான் சொல்வார். அதில் எதற்கு எவ்வளவு என்று பிரித்துக் கேட்டாலே பேரத்தின் போக்கு மாறிவிடும்.

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை. அதை நம்பிக் கணக்குப் போட முடியாது. அதே நீளமும் அதே குதிரைசக்தியும் உள்ள படகுகள் அண்மையில் என்ன விலைக்குக் கைமாறின என்பதைத் தெலுக் பாஹாங்கிலும் பத்து மாவுங்கிலும் படகோட்டிகளிடம் விசாரிக்க வேண்டும். வாங்கியவரும் விற்றவரும் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். வாங்கியவர் சொல்வது பெரும்பாலும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

செவ்வாய்

படகின் அடிப்பாகத்தைத் தண்ணீரில் மிதக்கும்போது பார்க்க முடியாது. பெங்காலான் வெல்டில் சியூ ஜெட்டியை ஒட்டிய பகுதியில் கடல் வற்றினால் சேறு தெரியும். சிறு படகுகள் அதில் உட்கார்ந்துவிடும். கரையில் ஏற்றச் செலவு செய்யாமலே ஓரளவு பார்த்துக்கொள்ள அந்த நேரம் போதும்.

பைபர் உடலைச் சிறு சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடத்தில் ‘டக்’ என்று கூர்மையான ஓசை வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் ‘பொத்’தென்று அடங்கிப் போகும். அடிப்பக்கத்தில் கொப்புளங்கள் இருந்தால் ஒன்றைக் குத்திப் பார்க்கலாம். உள்ளிருந்து வரும் நீரில் வினிகர் வாடை அடித்தால் தண்ணீர் பைபருக்குள் இறங்கிவிட்டது என்று பொருள். கொப்புளம் ஒன்றிரண்டு என்றால் விலையில் கொஞ்சம் குறையும்; உடல் முழுக்க என்றால் அந்தப் படகை விட்டுவிடுவதே மேல்.

பலரும் கவனிக்காத இடம் என்ஜின் மாட்டியிருக்கும் பின் பலகை. வெளியே பைபர் பளபளக்கும், உள்ளே ஒட்டுப்பலகை உளுத்திருக்கும். என்ஜினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தும்போது பலகை லேசாக வளைந்தாலும், போல்ட்டைச் சுற்றி முடி போன்ற விரிசல் தெரிந்தாலும் பின்பக்கத்தைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும். இது ஒரு நாளில் முடிகிற வேலை அல்ல.

செங்கால் மரப் படகு என்றால் கப்பல் புழுவைத் தேட வேண்டும். வெளியே தெரியும் துளை ஊசிமுனை அளவுதான்; உள்ளே பலகை நெடுகக் குடைந்திருக்கும். விற்பனைக்கு முந்தைய வாரம் படகின் உள்ளடியில் புதுச் சாயம் பூசியிருந்தால் காரணம் கேட்பது நல்லது.

புதன்

வெளிப்புற என்ஜின் படகுகளில் பல நேரம் என்ஜினின் மதிப்பு உடலின் மதிப்பைத் தாண்டிவிடும். கிளப்புவதற்கு முன் மூடியைக் கழற்றிக் கை வைத்துப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிப் பழக்கியிருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதுதான் சோதனை. கியர் எண்ணெய் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சிலிண்டர்களின் அழுத்தத்தை அளந்தால், ஒன்றுக்கொன்று பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. என்ஜின் எண்ணும் ரசீதில் உள்ள எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். திருட்டு என்ஜினுக்கு எந்த விலையும் அதிகம்தான்.

வியாழன்

வயதை மட்டும் வைத்து விலை குறைப்பது தவறு. பினாங்குத் தமிழர் குடும்பங்களில் பேசப்படும் இரண்டு கப்பல்களே இதற்குச் சாட்சி. நாகப்பட்டினத்துக்கும் பினாங்குக்கும் இடையே ஆட்களை ஏற்றி வந்த ‘ரஜுலா’ 1926இல் கட்டப்பட்டது, 1974இல்தான் உடைக்கப்பட்டது. அதன் இடத்துக்கு வந்த ‘சிதம்பரம்’ 1966இல் ‘பாஸ்தர்’ என்ற பெயரில் பிரான்சில் கட்டப்பட்டு, பின்னர் இந்தியக் கப்பல் கழகம் வாங்கிய பழைய கப்பல். 1985 பிப்ரவரியில் தீப்பிடித்தபின் அதுவும் உடைப்புக்குப் போனது. ஒன்றுக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு, மற்றதற்கு 20 ஆண்டுகூட நிரம்பவில்லை. சரிசெய்யும் செலவு மிஞ்சிய மதிப்பைத் தாண்டிவிட்டால் எந்தக் கப்பலும் இரும்பு விலைக்குத்தான் போகும். சம்பான் என்ற சிறு படகுக்கும் அதே கணக்கு.

சனி

மீன்பிடிப் படகுக்குக் காகிதம்தான் பெரிய சொத்து. 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மீன் பிடிக்க முடியாது. படகை விற்றதும் உரிமம் தானாக வாங்கியவர் கைக்கு வந்துவிடாது. மீன்வளத் துறை ஒப்புக்கொள்ள வேண்டும். உரிமம் உள்ள டீசல் படகுக்கு மானிய டீசலும் உண்டு. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் டீசல் லிட்டர் 3.35 வெள்ளிக்கு (ரிங்கிட்) உயர்ந்தபோதும் மீனவர்களுக்கு 1.65 வெள்ளியாகவே இருந்தது. நாள்தோறும் கடலுக்குப் போகிறவர் இந்த வித்தியாசத்தை மாதக் கணக்கில் பெருக்கிப் பார்த்தால் உரிமத்தின் மதிப்பு தெரியும்.

படகு ஓடும் கடலும் விலையில் சேரும். தீவின் தெற்குக் கரையில் 2023 செப்டம்பரில் கடலை மேடாக்கும் பணி தொடங்கியது. பெர்மாத்தாங் டாமார் லாவுட், கெர்தாக் சங்குல் பக்கத்துப் படகுக்கு வருமானத்தை அடிப்படையாக வைத்து விலை பேசுகிறவர் பழைய வருமானத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது.

உல்லாசப் படகில் வேறொரு சிக்கல். லங்காவி 1987 முதல் தீர்வையற்ற தீவு. அங்கே மலிவாகக் கிடைப்பதைப் பினாங்குக்குக் கொண்டுவந்து வைத்துக்கொள்ள நினைப்பவர் முதலில் சுங்கத் துறையில் கேட்க வேண்டும். வரி கட்டியதற்கு ஆதாரம் இல்லாத படகின் விலையில் அந்தத் தொகையைக் கழித்துவிடுவதே நியாயம்.

ஞாயிறு

இனிக் கணக்கு. உதாரணத்துக்கு, ஒரு பைபர் படகுக்கு 30,000 வெள்ளி கேட்கிறார்கள். அதே போன்ற, பழுதில்லாத படகு 26,000க்குப் போயிருக்கிறது. பின் பலகைக்கு 2,500, கியருக்கு 1,800 கழித்தால் 21,700. பிரித்த பிறகே தெரியும் பழுதுக்கு இன்னும் 1,500 ஒதுக்கினால் 20,200. அதற்குச் சற்றுக் கீழே பேச்சைத் தொடங்கலாம். கேட்ட விலையிலிருந்து தொடங்கிக் கீழே இறங்குவதைவிட விற்ற விலையிலிருந்து தொடங்குவதே வாங்குபவருக்குப் பாதுகாப்பு.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு மணி நேரமாவது முழு வேகத்தில் கடலில் ஓட்டிப் பார்க்க வேண்டும்; திரும்பியதும் உள்ளடியில் தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் அதில் சேரும். ஒப்பந்தத்தில் படகின் பதிவு எண்ணும் என்ஜின் எண்ணும் தனித்தனியே எழுதப்பட வேண்டும். பெயர் மாற்றத்துக்கு அனுமதி கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்பும் என்ற வரியும் இருக்க வேண்டும். மீதித் தொகை, பெயர் மாறிய காகிதம் கைக்கு வந்த பிறகு.