வலியைச் சொல்வதும் உரிமைதான்

என் பெரியம்மா உத்திரமேரூர்ப் பக்கம் நாற்பது வருடம் நாற்று நட்டவர். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் அவருக்கு முட்டி மாற்று ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு வந்ததும் வலி மாத்திரையைத் தொடவில்லை. கேட்டால், "நம்ம உடம்பு தாங்கும்பா" என்பார்.

தாங்கும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தது யார்? சேரி உடம்புக்கு வலி உறைக்காது என்று சொல்லியே வேலை வாங்கிய சாதிதான்.

வலியை அடக்கினால் முட்டியை மடக்க முடியாது. முதல் சில வாரங்களில் மடக்கி நீட்டிப் பழகாவிட்டால் மூட்டு இறுகிவிடும். டாக்டர் சொன்ன நேரத்துக்கு மாத்திரை, ஐஸ் ஒத்தடம், பயிற்சி, நடை எல்லாம் சேர்ந்ததுதான் சிகிச்சை. மாத்திரை போட்டு அரை மணி கழித்துப் பயிற்சி செய்தபோதுதான் பெரியம்மாவின் முட்டி மடங்கியது. குந்தும் கழிப்பறை ஆகாது என்பதால் கமோடு நாற்காலி வாங்கினோம்.

காய்ச்சல், தையலில் சீழ், கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். தோழர்களே, ஊருக்குள் வரும் அந்த வண்டி உங்கள் காலனிக்கும் வருகிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.