மெக்லொலினின் கிட்டார்

ஜாஸ் கிட்டார் கலைஞர்களில் எனக்கு மிகப் பிடித்தவர் ஜோன் மெக்லொலின். இங்கிலாந்தில் பிறந்தவர். 1970களில் 'சக்தி' குழுவில் யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எல். சங்கரின் வயலினோடும், விக்கு விநாயக்ராமின் கடத்தோடும், ஸாகிர் ஹுஸைனின் தப்லாவோடும் வாசித்தார். சாதாரண கிட்டாரில் கமகம் எளிதில் வராது. அதற்காகத் தன் கிட்டாரில் விரல் அழுத்தும் பலகையையே குழிவாகச் செதுக்க வைத்தார். மற்றவர்களை மாறச் சொல்லவில்லை. தன் வாத்தியத்தை மாற்றினார்.

நாவிதன்வெளியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒரே மொழி பேசுகிறோம். அடுத்தடுத்து வயல் செய்கிறோம். ஆனால், டியூசன் வகுப்பில் வேறு வேறு வாங்கில்தான் அமர்கிறோம்.

"பாட்டுக் கேட்டு என்ன கண்டாய்?" என்பார் வாப்பா. பிறர் வாசிக்கும்போது காத்திருந்து கேட்பதைக் கண்டேன். அடுத்த வகுப்பில் அந்த வாங்கில் எனக்கும் இடம் கேட்பேன்.